ரோலண்டின் ஆர்பிஎம் மீட்டர் ஓடாததற்குக் காரணம்

அன்புள்ள யூனிஸ்,

கோப்பைக்கு நன்றி. ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறேன். எப்போதாவது வெயில் அடித்தால் பார்க்க நன்றாகவே இருக்கிறது. பாகங்களை வாங்கி வீட்டிலேயே கிட் கார் கட்டும் கணவரோடு அதிகப் பொறுமையாகக் குடும்பம் நடத்திய மனைவிக்கு என்று நம் சங்கம் வருடா வருடம் கொடுக்கும் அந்தக் கோப்பை எனக்கும் ஒருநாள் வரும் என்று நான் நினைத்ததில்லை. செய்திமடலுக்குப் பொறுமையைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதத்தான் உட்கார்ந்தேன். எவ்வளவு நீளம் என்று பார்ப்பதற்காகப் போன மடலை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

அதில் மேலே என் படம். அதே பக்கத்தில் கீழே ஒரு சின்னக் கட்டம்: "நம் சங்கத்தின் ஒயரிங் ஆலோசகர் டெஸ் ஹாலம் பொறுப்பிலிருந்து விலகுகிறார். இனி யாருடைய வண்டியிலும் கை வைப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்." இந்த இரண்டும் ஒரே பக்கத்தில் வந்திருக்க வேண்டாம். பக்கம் அமைத்தவரைக் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அவை இரண்டும் ஒரே செய்திதான். அதனால் நாலு வரிக்குக் கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன்.

எனக்குக் கார்கள் மேல் விரோதம் எதுவும் கிடையாது. ரோலண்ட் மேலும் கிடையாது. முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் நாங்கள் குரல் உயர்த்திப் பேசியது இரண்டே முறை. இரண்டும் கூடாரம் அடிக்கும்போது. அவர் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவர், குழாய்களில் போகும் நீரை அளப்பது அவர் வேலை. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த அன்று மாலையே அளக்க நீர் இல்லாமல் தவித்துப்போனார். மறுநாள் எங்கள் கெட்டிலை அளந்தார். இரண்டு கோப்பைக்கு எவ்வளவு தண்ணீர் என்று அதன் மேல் பேனாவால் கோடு போட்டார். அதற்கு மறுநாள், பாத்திரம் கழுவும் மெஷினில் நான் தட்டு அடுக்கும் விதத்தால் ஒரு தடவைக்கு ஆறு தட்டுக்கான இடம் வீணாகிறது என்று படம் வரைந்து காட்டினார். மூன்றாம் வாரம் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பாலாடைக்கட்டி எந்தத் தட்டில், எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். என் வளை அந்தச் சமையலறை. காலுறை ஆலையில் பதினெட்டு வருடம் நூற்றிருபது மெஷின்களின் இரைச்சலில் நின்றவள் நான். வேலையை விட்ட பிறகு எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு, யாரும் அளக்காத ஒரு கோப்பை டீ. மூன்று மாதம் அது கிடைக்கவில்லை. அப்புறம் ஒரு ஜூன் மாதத்தில் லாரியில் பதினான்கு பெட்டிகள் வந்து இறங்கின. கூரையும் இல்லாத, கதவும் இல்லாத ஒரு இரட்டை இருக்கைக் கார், பாகம் பாகமாக. ரோலண்ட் கராஜுக்குள் போனார். கதவைச் சாத்தினார். அந்தக் கதவுச் சத்தம் என் காதில் தேனாகப் பாய்ந்தது என்று சொன்னால் மிகையில்லை.

ஐந்து வருடம் வீடு வீடாக இருந்தது. சனிக்கிழமை காலை டெஸ் வருவார். நீங்கள் தெற்கிலிருந்து வந்தவர், யூனிஸ். இங்கே பெல்பரில் நாங்கள் பிரியமானவர்களையும் பேருந்து ஓட்டுநரையும் ஒரே மாதிரி, குளத்து வாத்தைக் கூப்பிடுவதுபோல, 'வாத்தே' என்றுதான் கூப்பிடுவோம். டெஸ் கூப்பிடும்போது மட்டும் அது நிஜமாகவே பிரியமாகக் கேட்கும். என்னோடு பள்ளியில் படித்தவர். நாற்பது வருடம் ஆம்புலன்ஸ்களுக்கு ஒயரிங் செய்தவர். மனைவி போன பிறகு சனிக்கிழமைக்காகவே வாழ்ந்தார் என்று நினைக்கிறேன். சமையலறை வாசலில் எட்டிப் பார்த்து, "என்ன வாத்தே, பேக்கன் வாசம் தெரு முனை வரைக்கும் இழுத்துட்டு வருது" என்பார். சாண்ட்விச்சை வாங்கிக்கொண்டு கராஜுக்குப் போய்விடுவார். எந்தத் தொந்தரவும் கிடையாது.

போன வருட வசந்தத்தில் கார் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. என்ஜின் புதிதாகப் பிரித்துக் கட்டியது. அதை முதல் ஐந்நூறு மைலுக்கு நிமிடத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு சுற்றுக்கு மேல் போகாமல் ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். அதற்கு ஆர்பிஎம் மீட்டர் வேண்டும். பச்சை எண்ணில் காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை ரோலண்ட் தபாலில் வரவழைத்தார். மீட்டர் இல்லாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. காதாலேயே கணக்குப் பண்ணுவார்கள். ரோலண்ட் அப்படிப்பட்ட மனிதர் இல்லை. திரைச்சீலைக் கம்பி மாட்டுவதற்கே ரசமட்டம் வைத்துப் பார்க்கிறவர்.

டெஸ் ஒரே சனிக்கிழமையில் அதைப் பொருத்தினார். நான் டீ கொண்டு போனபோது இருவரும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு கைக்குழந்தையைப் பார்ப்பதுபோல நின்றார்கள். நின்ற இடத்திலேயே ஓடும் என்ஜினுக்கு உரிய தொள்ளாயிரத்தைக் காட்டியது. அப்போதுதான் ரோலண்ட் என் தோளில் கை போட்டு, "ரெண்டு வாரம் ஓட்டிப் பார்த்தா வண்டி வேலை முடிஞ்சுது, கிளென். அப்புறம் உன் சமையலறையை ஒரு கை பார்த்துடறேன். மொத்தமா பிரிச்சு அடுக்கறதுக்குத் திட்டமெல்லாம் போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அதை நான் மறுக்கவில்லை.

மீட்டரோடு வந்த குறிப்புத்தாள் என் சமையலறையில்தான் கிடந்தது, டீக்கோப்பைக்கு அடியில். படித்தேன். பின்னல் புத்தகம் படிக்கத் தெரிந்தவளுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நான்கு ஒயர். சிவப்பு கரண்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு, வெள்ளை விளக்குக்கு, பச்சை, தீப்பொறி உண்டாக்கும் காயிலிலிருந்து துடிப்பை எடுத்து வர. பின்பக்கம் இரண்டு குட்டி ஸ்விட்ச். என்ஜினுக்கு எத்தனை சிலிண்டர் என்று அவற்றை நகர்த்தி மீட்டருக்குச் சொல்ல வேண்டும். ஆலையில் நான் கற்றது ஒன்றுதான். மெஷினை நிறுத்த அதை உடைக்க வேண்டியதில்லை, ஒரு நூலைத் தளர்த்தினால் போதும். ஞாயிறு காலை ரோலண்ட் செய்தித்தாள் வாங்கப் போயிருந்தபோது கறுப்பு ஒயரின் நட்டை அரைச் சுற்று தளர்த்தினேன்.

அவ்வளவுதான். அரைச் சுற்று. வண்டி அதிர்ந்ததும் எண் தொள்ளாயிரம், நாலாயிரம், பூஜ்யம் என்று கூத்தாடியது. ரோலண்ட் பதறினார். அடுத்த சனிக்கிழமை டெஸ் வந்து நட்டை முறுக்கினார். "நான் இறுக்கித்தானே வச்சேன்" என்று தலையைச் சொறிந்தார். அதற்கு அடுத்த வாரம் பச்சை ஒயரைக் கொஞ்சம் நகர்த்தி, தடித்த ப்ளக் ஒயரோடு சேர்த்துக் கட்டிவைத்தேன். அந்த ஒயரில் பாயும் மின்சாரம் பச்சை ஒயரையும் குழப்பிவிடும். குறிப்புத்தாளிலேயே 'செய்யக் கூடாதவை' என்ற தலைப்பில் தெளிவாகப் போட்டிருந்தார்கள். இப்படியே கோடை போயிற்று. நான் எதையும் அறுக்கவில்லை, எரிக்கவில்லை. பிறத்தியார் பொருளைக் கெடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

டெஸ்ஸின் மேல் பழி விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், வேறு யார் மேல் விழும். ஒயரிங் செய்தது அவர்தானே. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கராஜிலிருந்து குரல் கேட்டது. ஜன்னலைச் சாத்தப் போனேன்.

"எட்டாவது தடவைடா இது! எட்டாவது தடவை!" என்றார் ரோலண்ட்.

"நான் வச்ச ஒயர் தானா கழலாது, ரோலண்ட். என் உசுரு மேல சத்தியம்."

"தானா கழலலைன்னா பேய் வந்து கழட்டுதா? நாப்பது வருஷம் ஆம்புலன்ஸ் பார்த்தேன்னு பீத்திக்கறியே. அதுல எத்தனை வண்டி பாதி வழியில நின்னுதுன்னு கணக்கு வச்சிருக்கியா?"

டெஸ் கருவிப்பெட்டியை மூடும் சத்தம் மட்டும் கேட்டது. சாண்ட்விச் அப்படியே இருந்தது. அதைக் குப்பையில் போட மனம் வராமல் நானே சாப்பிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, கராஜின் மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க டெஸ் வந்தார். ரோலண்ட் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"வாத்தே, நீ பொய் சொல்ல மாட்ட. நான் எங்க தப்பு பண்ணேன்னு அவன் உன்கிட்ட ஏதாவது சொன்னானா? எனக்கு ராத்திரி தூக்கமே வர்றதில்ல. படுத்துக்கிட்டே ஒவ்வொரு ஒயரா மனசுல தடவிப் பார்க்கிறேன்."

பாவமாக இருந்தது. எனக்கு உண்மையிலேயே அவரை ரொம்பப் பிடிக்கும்.

"எர்த்துதான் டெஸ்" என்றேன். "கறுப்பு ஒயர். யாருக்கும் வர்ற தப்புதான். மனசுல வச்சுக்காத."

அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. "எர்த்து... அதுதான் நான் சங்கத்துப் பசங்களுக்கு முதல்ல சொல்லிக் கொடுக்கிறது" என்றார். உலர்பழ கேக்கில் ஒரு துண்டு வெட்டி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்பினேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை என்று நீங்கள் நினைக்கலாம். நான் அழவில்லை. கேக் கொடுத்தேன்.

இதோடு என் எண்ணம் நிறைவேறிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வண்டி முடியவில்லை, ரோலண்ட் கராஜிலேயே கிடந்தார், சமையலறை எனக்கே எனக்கு. ஆனால் ஒயரிங் வேலைக்கு டார்ச் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். டெஸ் இல்லை. "கிளென், ஒரு நிமிஷம் வந்து பிடிச்சுக்கிறியா?" என்று ரோலண்ட் கூப்பிட்டார். போனேன். எந்த ஒயரில் கை வைக்கிறார் என்று எனக்கும் தெரிந்திருக்க வேண்டுமே, அதற்காகத்தான் போனேன். ஒரு நிமிடம் ஒரு மணி நேரமாயிற்று. மறு சனிக்கிழமை முழுக் காலையாயிற்று. ரோலண்ட் ஒயர்முனை சீவக் கற்றுக் கொடுத்தார். நான் சீவியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டெஸ்ஸை விட உனக்குக் கை சுத்தம்" என்றார். முப்பத்தாறு வருடத்தில் நான் செய்த எதையும் அவர் அளக்காமல் பாராட்டியது அதுதான் முதல் தடவை. குளிருக்கு எனக்கென்று ஒரு ஸ்டூலும் சின்ன ஹீட்டரும் வாங்கிப் போட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் மீட்டர் ஓடவில்லை. ஓடாமல் நான் பார்த்துக்கொண்டேன்.

இந்த ஏப்ரலில் ரோலண்டுக்கு மனசாட்சி வந்துவிட்டது. காலை உணவின்போது முட்டையை உடைக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"நான் அவனைப் பேசின பேச்சு தப்பு, கிளென். ஏழு மாசம் நாமளும்தான் தலைகீழா நின்னு பார்த்துட்டோம், நம்மாலயும் முடியலையே. டெஸ்ஸைக் கூப்பிடப் போறேன். அவன் வந்து சரி பண்ணிட்டான்னா சங்கத்துல எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுடறேன். இல்லைன்னா அந்த மனுஷன் இப்படியே நொந்து செத்துடுவான்."

அப்போது நான் செய்ததை நீங்கள் கவனிக்க வேண்டும், யூனிஸ். ஏனென்றால் இதுவரை எழுதியதை வைத்து என்னைத் தவறாக எடைபோட்டிருப்பீர்கள். டெஸ் வர ஒப்புக்கொண்ட அந்தச் சனிக்கிழமை காலை நான் முதலில் கராஜுக்குப் போய் எல்லாவற்றையும் சரி செய்தேன். கறுப்பு ஒயரை இறுக்கினேன். பச்சை ஒயரைத் தள்ளிக் கட்டினேன். ஸ்விட்ச் இரண்டும் நாலு சிலிண்டருக்குச் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். டெஸ் வந்து சாவியைத் திருகினால் போதும். மீட்டர் ஓடும், அவர் பெயர் மீளும். சமையலறை போனால் போகிறது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். என்னைவிட நல்ல மனதுள்ளவள் அன்று காலை பெல்பரில் இருந்திருக்க மாட்டாள்.

டெஸ் வந்தார். இளைத்திருந்தார்; அவருக்கு அது பொருத்தமாகவே இருந்தது. ஒரு மணி நேரம் ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தார். ஸ்விட்சுகளைத் தம் விரலாலேயே ஒருமுறை தள்ளி, திரும்ப வைத்தார். சாவியைத் திருகினார். தொள்ளாயிரம். ஆடாமல் அசையாமல் தொள்ளாயிரம். ரோலண்ட் சிரிக்க ஆரம்பித்தார், டெஸ்ஸும் சிரித்தார், இருவரும் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். "நீ ஒரு மந்திரவாதிடா, கிழட்டுப் பயலே" என்றார் ரோலண்ட். டெஸ் மூக்கைச் சிந்தினார். அப்புறம் வண்டியை அணைத்துவிட்டு, என் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

நான் டார்ச்சோடு வாசலில் நின்றிருந்தேன்.

"கிளென், ரெண்டு டீ போடேன்" என்றார் ரோலண்ட், திரும்பிப் பார்க்காமல். "அந்த ஹீட்டரையும் உள்ள எடுத்துட்டுப் போயிடு, காலை இடிக்குது."

டீ போட்டேன். கெட்டிலில் அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றினேன். தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனபோது இருவரும் வெளியே நின்று, முதலில் எந்தச் சாலையில் ஓட்டுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு இருக்கை ரோலண்டுக்கு, மற்றது டெஸ்ஸுக்கு. அந்த வண்டியில் இரண்டே இருக்கைதான் என்பது எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். தட்டை வண்டியின் மூக்கில் வைத்தேன். டீக்கரண்டியை எடுத்து, அதன் காம்பால் மீட்டரின் பின்னால் இடப்பக்க ஸ்விட்சை மேலே தள்ளினேன். நாலு சிலிண்டர் ஆறு சிலிண்டர் ஆயிற்று. பிறகு கரண்டியைத் துடைத்து, சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டேன்.

அதன் பொருள் இதுதான். என்ஜின் உண்மையில் சுற்றுவதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் மீட்டர் காட்டும். மூவாயிரத்து ஐந்நூறு என்று நம்பி ஓட்டினால் நிஜத்தில் அது ஐயாயிரத்தைத் தாண்டியிருக்கும். புது என்ஜின் அரைமணி நேரம் தாங்காது.

டெஸ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினார். அறுநூறு என்று காட்டியது. அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். காது தொள்ளாயிரம் என்கிறது, கண் அறுநூறு என்கிறது. வண்டியை அணைத்தார். ஒயர்களைப் பார்க்கவே இல்லை. நேராகக் கையைப் பின்னால் விட்டு ஸ்விட்சைத் தடவினார். அவருடைய முகத்தை நான் பார்த்தேன். யாரோ நகர்த்தியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"நானே மாத்தி வச்சிருக்கேன், ரோலண்ட்" என்றார் மெதுவாக. "இந்த விரலாலதான் வச்சேன். சரியா வச்சேன்னு நினைச்சுக்கிட்டு தப்பா வச்சிருக்கேன். ஞாபகமே இல்ல. இப்படியே ரோட்டுக்குப் போயிருந்தா உன் என்ஜினை நானே கொன்னிருப்பேன்."

"சின்ன விஷயம்டா, தள்ளி வச்சுட்டாப் போச்சு."

"இல்லடா. நீ அன்னைக்குச் சொன்னது சரிதான். என் கை போச்சு, புத்தியும் போச்சு. ஒண்ணு சொல்றேன், கேளு. நான் வச்ச ஒயர் ஒண்ணையும் நம்பாத. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா இழு." பிறகு என்னைப் பார்த்து, "டீக்கு நன்றி, வாத்தே" என்றார். குடிக்கவில்லை.

மின்சாரம் அளக்கும் தம் மல்டிமீட்டரை ரோலண்டின் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். இனி அதற்குத் தமக்கு வேலையில்லை என்றார். அடுத்த வாரம்தான் உங்களுக்கு ராஜினாமாக் கடிதம் வந்தது.

இதுதான் நடந்தது. செய்தது நான். முதல் நாள் அரைச் சுற்றிலிருந்து கடைசியாக அந்தக் கரண்டி வரை ஒவ்வொன்றும் நான்தான். டெஸ் வைத்த ஒயர் ஒன்றுகூடத் தானாகக் கழன்றதில்லை. ஏன் செய்தேன் என்று கேட்டால் ஒரே காரணம்தான்: வீட்டில் எனக்குக் கொஞ்சம் அமைதி வேண்டியிருந்தது. அறுபத்துமூன்று வயதில் ஒரு பெண் அதைக் கேட்பது பேராசை இல்லை.

ரோலண்ட் வண்டியின் மொத்த ஒயரிங்கையும் பிடுங்கிவிட்டார். புதிதாக இழுக்க இரண்டு வருடம் ஆகும் என்கிறார். இப்போது நான் எதையும் தளர்த்துவதில்லை. அவரே ஒயரிங் செய்வதால் அதற்கு அவசியம் ஏற்படவில்லை. சனி, ஞாயிறு போதவில்லை என்று புதன்கிழமையையும் சேர்த்துக்கொண்டோம். சில நாள் மதியச் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்கிறோம். சமையலறைக்குள் நான் போவதே குறைந்துவிட்டது. போன வாரம் ரேடியோவையும் கராஜுக்கே கொண்டு வந்துவிட்டேன்.

டெஸ்ஸிடம் யாராவது போய், அவர் கையில் எந்தக் கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தால் நல்லது. அவர் சனிக்கிழமை காலைகளில் வீட்டில்தான் இருக்கிறார், ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருப்பார். நானே போயிருப்பேன், யூனிஸ். சனிக்கிழமைகளில் எனக்கு நேரம் கிடைப்பதில்லை.

இப்படிக்கு,
கிளெனிஸ் க்ரிம்ஷா